பத்தாயிரம் ரன்னும் மூன்று இன்னிங்ஸும்

ஐ.பி.எல். சீசன் வந்துவிட்டால் தமிழ் வர்ணனையில் எஸ். பத்ரிநாத்தின் குரல் வீட்டுக்கு வீடு கேட்கிறது. இன்றைய பிள்ளைகளுக்கு அவர் டி.வி.யில் பேசுகிற ஒருவர், அவ்வளவுதான். கொளவாய் ஏரிப் பக்கம் காலையில் நடக்கும் எங்கள் கோஷ்டியில் ஒரு நண்பர், விஷயம் தெரிந்தவர், சமீபத்தில் சொன்னார்: “இந்தியாவுக்கு ரெண்டே ரெண்டு டெஸ்ட் ஆடினவர் சார் அவர். திறமை இருந்தா தானா மேல வந்திருப்பாரே? இவர் மத்தவங்களுக்கு டெக்னிக் சொல்றார்!”

நடந்துகொண்டே பதில் சொல்ல எனக்கு மூச்சு போதவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்ரிநாத்தை எனக்கு நேரில் தெரியாது. அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவனும் இல்லை. என் சண்டை நண்பர் சொன்ன அந்த நடு வாக்கியத்தோடுதான். “திறமை இருந்தால் தானாக மேலே வரும்.” இதைவிடச் சௌகரியமான பொய் நம் ஊரில் வேறு இல்லை. மேலே இருக்கிறவனுக்கு அது மாலை போடுகிறது. கீழே இருக்கிறவனுக்கு அது பழி போடுகிறது. பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கோ, யோசிக்கிற வேலையை மிச்சப்படுத்திக் கொடுக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பத்ரிநாத் 145 முதல்தர ஆட்டங்கள் ஆடி 10,245 ரன் எடுத்தவர். 32 சதம். சராசரி 54.49. முதல்தர ஆட்டம் என்றால் நாலு நாள், ஐந்து நாள் ஆட்டம். காலையில் ஈரமான பிட்ச், மத்தியானம் கொளுத்தும் வெயில், மூன்றாம் நாள் புழுதி கிளம்பி எகிறும் பந்து எல்லாம் அதில் உண்டு. அதில் சராசரி 54 என்றால், ஒவ்வொரு தடவை அவரை அவுட் ஆக்கவும் எதிரணி ஐம்பது ரன்னுக்கு மேல் விலை கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். இதை ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ செய்தால் ஃபார்ம் என்று சொல்லலாம். பதினைந்து வருஷத்துக்கு மேல் செய்தால் அதற்குப் பெயர் திறமைதான். வேறு பெயர் இருந்தால் நண்பர் சொல்லட்டும்.

“சான்ஸ் கொடுத்தாங்களே, பண்ணலையே” என்று அடுத்த கேள்வி வரும். என்ன சான்ஸ் கொடுத்தார்கள் என்று பார்ப்போம்.

2010 பிப்ரவரி, நாக்பூர். தென்னாப்பிரிக்காவுடன் டெஸ்ட். திராவிட், லக்ஷ்மண், யுவராஜ் மூன்று பேருக்கும் காயம். ஆட்டம் தொடங்குமுன் ரோகித் சர்மாவுக்கும் கால் பிசகிவிட்டது. அதனால் விக்கெட் கீப்பரான சாஹாவை வெறும் பேட்ஸ்மேனாக இறக்கினார்கள். அப்படியொரு நாளில்தான் பத்ரிநாத்துக்கு முதல் டெஸ்ட். ஆம்லா ஆட்டமிழக்காமல் 253 எடுத்து முடித்திருந்தார். ஸ்டெயின் பந்தை ரிவர்ஸ் ஸ்விங் செய்து 51 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்த இன்னிங்ஸ் அது. மூன்று விக்கெட் சீக்கிரம் விழுந்த பிறகு உள்ளே போனவர், சேவாக்குடன் நின்று நூறு ரன்னைத் தாண்டிய கூட்டு ஆட்டம் ஆடி 56 எடுத்தார். அந்த இன்னிங்ஸில் இந்தியா 233 ரன்னுக்கு ஆல் அவுட். சேவாக்கையும் பத்ரிநாத்தையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று நீங்களே கழித்துப் பாருங்கள். சேவாக் 109.

இரண்டாவது இன்னிங்ஸில் 6. அடுத்த டெஸ்ட் கொல்கத்தா. இந்தியா 643 ரன் குவித்து டிக்ளேர் செய்து இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. பத்ரிநாத்துக்கு ஒரே இன்னிங்ஸ், அதில் 1 ரன். ஆக 56, 6, 1. கூட்டினால் 63. அத்தோடு அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. மூன்றே இன்னிங்ஸ்.

இதற்கு அடுத்த வருஷம் ஜூன் மாதம் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் மேற்கிந்தியத் தீவுகளுடன் ஒரு 20 ஓவர் ஆட்டம். பத்ரிநாத் 37 பந்தில் 43. இந்தியா 16 ரன்னில் ஜெயித்தது. ஆட்ட நாயகன் அவர்தான். அதுதான் அவருக்கு முதல் சர்வதேச 20 ஓவர் ஆட்டம். கடைசியும் அதுதான். ஆட்ட நாயகன் விருதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவரை மறுபடி கூப்பிடவே இல்லை.

ஒரு நாள் ஆட்டங்களில் அவர் சரியாக ஆடவில்லை என்பதை மறைக்க மாட்டேன். 7 ஆட்டம், 79 ரன். சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதிலும் தம்புள்ளையில் முதல் ஆட்டத்திலேயே, குறைந்த ஸ்கோரைத் துரத்தும்போது விக்கெட்டுகள் சரிய, ஆட்டமிழக்காமல் 27 எடுத்து ஜெயிக்கவைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 145 ஆட்டத்தின் சாட்சியை ஒதுக்கிவிட்டு 7 ஆட்டத்தின் சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் எந்த முன்சீப் கோர்ட்டிலும் எடுபடாது.

இந்த இடத்தில் நம் ஆட்கள் சிலர் எனக்கு ஆதரவாக ஓடி வருவார்கள். “எல்லாம் வடக்கத்திக்காரன் சூழ்ச்சி சார்!” என்பார்கள். அந்த ஆதரவு எனக்கு வேண்டாம். 2008-லிருந்து 2012 வரை தேர்வுக்குழுத் தலைவர் யார்? நம்ம ஸ்ரீகாந்த். இந்திய அணித் தலைவர் யார்? தோனி. சென்னை சூப்பர் கிங்ஸில் பத்ரிநாத்துக்கும் அவர்தான் தலைவர். 2011 ஐ.பி.எல்.லில் பத்ரிநாத் 396 ரன் எடுத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். இந்த இரண்டு பேருக்கும் பத்ரிநாத் யார் என்று தெரியாதா? வடக்கு தெற்கு என்று பிரித்துப் பேசுவதும் யோசிக்காமல் தப்பிக்கிற வழிதான்.

உண்மைக் காரணம் நம் தலைமுறைக்கு நன்றாகப் புரிந்த ஒன்று. வேகன்சி இல்லை. சர்க்கார் ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். பேனலில் பெயர் வந்து, சீனியாரிட்டியும் இருந்து, சி.ஆர். சுத்தமாக இருந்து, மேலே ஒரு நாற்காலி காலியாகாத ஒரே காரணத்தால் அதே பதவியில் ரிட்டயர் ஆனவர்களை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். ஆபீஸே அவர்கள் தலையில்தான் ஓடும். ஃபைலில் ஒரு சிக்கல் என்றால் அதிகாரியே எழுந்து அவர்கள் மேஜைக்குப் போவார். அவர்களைப் பார்த்து “திறமை இருந்தா பிரமோஷன் வந்திருக்குமே” என்று யாராவது சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

பத்ரிநாத்தின் காலத்தில் இந்திய மிடில் ஆர்டரில் இருந்த நாற்காலிகளையும் அதில் உட்கார்ந்திருந்தவர்களையும் எண்ணிப் பாருங்கள். திராவிட், டெண்டுல்கர், கங்குலி, லக்ஷ்மண். கங்குலி எழுந்தது 2008-ல். திராவிடும் லக்ஷ்மணும் 2012-ல். டெண்டுல்கர் 2013-ல். 2012 ஆகஸ்டில் லக்ஷ்மண் திடீரென்று ஓய்வு அறிவித்தபோது அவர் இடத்துக்கு அணியில் சேர்த்தது யாரை? பத்ரிநாத்தைத்தான். ஆனால் ஆடும் பதினோரு பேரில் இடம் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு 32 வயது. பின்னால் புஜாராவும் கோலியும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் உட்கார்ந்ததிலும் தப்பு சொல்ல முடியாது. யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. ரயில் நிறைந்திருந்தது. இடம் காலியானபோது இவர் இறங்கவேண்டிய ஸ்டேஷன் வந்துவிட்டது.

ஆகவே அணிப் பட்டியல் என்பது திறமையின் தராசு அல்ல. காலி இடங்களின் பட்டியல். இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் நாம் செய்கிற அநியாயம்.

இது புதுக் கதையும் இல்லை. வி.வி. குமாரை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? 1961-ல் டில்லியில் பாகிஸ்தானுடன் முதல் டெஸ்ட். லெக் ஸ்பின் போட்டு முதல் இன்னிங்ஸிலேயே 64 ரன்னுக்கு 5 விக்கெட். மொத்தம் 7. அதே வருஷம் பம்பாயில் இங்கிலாந்துடன் இன்னொரு டெஸ்ட். விக்கெட் இல்லை. அத்தோடு சரி. அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் தமிழ்நாட்டுக்கும் தென் மண்டலத்துக்கும் பந்து போட்டார். மொத்த முதல்தர விக்கெட் 599, சராசரி இருபதுக்கும் கீழே. சந்திரசேகர் என்ற ஒரு மாயக்காரர் அதே காலத்தில் அதே லெக் ஸ்பின்னோடு வந்தது இவர் குற்றமா? அந்த நாளில் டிரான்ஸிஸ்டரைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்ட எங்களுக்கு வெங்கட்ராகவன் ஒரு முனை, குமார் ஒரு முனை என்றால் சேப்பாக்கத்தில் எதிரணிக்குச் சங்குதான் என்று தெரியும்.

அவருக்கும் முன்னால் ஏ.ஜி. ராம்சிங். ரஞ்சி டிராபியின் முதல் ஆட்டமே 1934 நவம்பர் 4-ம் தேதி நம் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. சென்னை, மைசூர் ஆட்டம். ஒரே நாளில் முடிந்துவிட்டது. காரணம் ராம்சிங். 35 ரன்னுக்கு 11 விக்கெட். பேட்டும் பிடிப்பார். 1936-லும் 1946-லும் இங்கிலாந்து போன அணிகளில் அவரைச் சேர்க்கவில்லை. ஒரு அதிகாரபூர்வ டெஸ்ட் கூட ஆடாமலே போய்விட்டார். அவர் பிள்ளைகள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் டெஸ்ட் ஆடினார்கள். கிருபால் தன் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். அந்தப் பிள்ளைகளுக்கு ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவேண்டியதில்லை.

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வந்த நண்பர்கள் அந்த ஊர் ஃபுட்பாலை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்வார்களே, அது. அங்கே ஒவ்வொரு வருஷமும் டிராஃப்ட் என்று ஒன்று நடக்கும். கல்லூரிகளிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து ஏழு சுற்றில் தேர்ந்தெடுக்கும். 1994-ல் ராட் ஸ்மித் என்ற ஒருவரை ஏழு சுற்றிலும் ஒரு அணியும் எடுக்கவில்லை. பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கிற ரிசீவர் அவர். டென்வர் அணி போனால் போகிறது என்று பின்னால் சேர்த்துக்கொண்டது. 849 தடவை பந்தைப் பிடித்து 11,389 கெஜம் ஓடினார். அவர் இருந்த அணி இரண்டு முறை சூப்பர் பவுல் ஜெயித்தது. இன்னும் அவரை அவர்களுடைய புகழ் மண்டபத்தில் சேர்க்கவில்லை. ஆனால் டென்வர் ரசிகர்கள் அவரை விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே அது ரசிகனின் கடமை போல. இங்கே நாம் என்ன செய்கிறோம்? “செலக்ட் ஆகலியே” என்று நாமே கதவைச் சாத்துகிறோம்.

ஐ.பி.எல். ஏலம் வந்த பிறகு இந்த வியாதி முற்றிவிட்டது. ஆட்டத்தைப் பார்க்கிறவர்களைவிட ஏலத்தைப் பார்க்கிறவர்கள் அதிகம். யார் எத்தனை கோடி என்று ஐந்தாம் வகுப்புப் பையன் ஒப்பிக்கிறான். மாட்டுச் சந்தையில் கூட வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இங்கே விலையைப் பார்த்துவிட்டு அதுதான் பல் என்கிறோம். நூறு டெஸ்டுக்கு மேல் ஆடிய புஜாரா பல வருஷம் ஏலத்தில் விலை போகவில்லை. 2021-ல் நம் சென்னையிலேயே நடந்த ஏலத்தில் சூப்பர் கிங்ஸ் அவரை அடிப்படை விலையான 50 லட்சத்துக்கு எடுத்தபோது, அரங்கில் இருந்த மற்ற அணிக்காரர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. கை தட்டத் தெரிந்தவர்களுக்கு அத்தனை வருஷம் கை தூக்கத் தெரியவில்லை.

பட்டியலை நம்பாதே என்பதற்குப் பாடம் வேண்டுமானால் நாம் ரொம்ப தூரம் போகவேண்டாம். மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறினால் போதும். 2022 ஜூலை, ஆகஸ்டில் அங்கே 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. செஸ்ஸில் ரேட்டிங் என்று ஒரு எண் உண்டு. அதை வைத்துத்தான் அணிகளுக்கு வரிசை போடுவார்கள். அமெரிக்கா முதல் இடம், இந்தியாவின் முதல் அணி இரண்டாம் இடம் என்று வரிசை. முடிவு என்ன? அமெரிக்கா ஐந்தாவது. இந்தியாவின் முதல் அணி நாலாவது. வரிசையில் 14-வதாக இருந்த உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம். 12-வதாக இருந்த ஆர்மீனியாவுக்கு வெள்ளி. 11-வதாக இருந்த நம்முடைய இரண்டாவது அணிக்கு வெண்கலம். அந்த இரண்டாவது அணியில் முதல் பலகையில் உட்கார்ந்த பதினாறு வயதுப் பையன் முதல் எட்டு ஆட்டத்தையும் ஜெயித்தான். அவன்தான் குகேஷ். இரண்டு வருஷத்தில் உலக சாம்பியன். அத்தனை கணக்கு போட்டுச் செய்த வரிசையே பதினைந்து நாளில் தலைகீழாகிறது என்றால், ஒரு கமிட்டி ஒரு மத்தியானத்தில் எழுதுகிற பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொள்ளலாமா?

செத்துப்போன பழைய கிரிக்கெட் கணக்குக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். கோபம் பத்ரிநாத்துக்காக மட்டும் இல்லை. அவர் நன்றாகவே இருக்கிறார். எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். பதினாலு வயது. லெக் ஸ்பின் போடுவான். இந்தக் காலத்தில் லெக் ஸ்பின் கற்றுக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மணிக்கட்டு பழக வருஷக்கணக்காகும். ஒரு தேர்வு முகாமுக்குப் போனான். வரிசையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். இவனுக்குக் கிடைத்தது ஆறு பந்து. இரண்டு ஃபுல்டாஸ் விழுந்தது. பெயர் வரவில்லை. மறுநாளே அவன் அப்பா கிட் பையை பரணில் போட்டுவிட்டார். “செலக்ட் ஆகாதவனுக்கு எதுக்கு சார் இதெல்லாம்? டியூஷன்ல சேத்துட்டேன்” என்கிறார். டியூஷனில் சேர்த்தது தப்பில்லை. படிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த “எதுக்கு சார்” இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? நாம் வாக்கிங் போகும்போது பேசுகிற பேச்சிலிருந்து வந்தது. “திறமை இருந்தா தானா வந்திருக்குமே” என்று பெரியவர்கள் நாம் சொல்லச் சொல்ல, ஆறு பந்தில் ஒரு குழந்தையின் கணக்கு தீர்க்கப்படுகிறது.

இதே கடற்கரையில் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவக் குப்பத்துப் பிள்ளைகள் அலைச்சறுக்கு ஆடி இன்று தேசியப் போட்டிகளில் பெயர் எடுக்கிறார்கள். முதலில் அவர்களை எந்தக் கமிட்டி தேர்ந்தெடுத்தது? அலை தினமும் வந்தது, அவர்களும் தினமும் இறங்கினார்கள். விளையாட்டு என்பது அப்படித் தொடங்குகிற விஷயம். தேர்வு என்பது நடுவில் வருகிற ஒரு சமாச்சாரம்.

தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதினோரு பேர்தான் ஆட முடியும், யாரோ ஒருவர் விடுபடத்தான் வேண்டும். விடுபட்டவனை மட்டம் தட்டாதே என்றுதான் சொல்கிறேன். அணியில் இடம் கொடுப்பது கமிட்டியின் கையில் இருக்கிறது. மரியாதை கொடுப்பது நம் கையில் இருக்கிறது. நம் கையில் இருப்பதையும் கமிட்டியிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது ரசிகனுக்கு அழகில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டால், ஓய்வு பெற்ற நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பகலெல்லாம் சும்மாதானே இருக்கிறோம்? சேப்பாக்கத்தில் ரஞ்சி ஆட்டம் நடக்கிற நாளில் காலையில் செங்கல்பட்டில் எலெக்ட்ரிக் ரயில் ஏறுங்கள். பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பக்கத்திலேயே பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்தால் இரண்டாவது ஸ்டேஷன் சேப்பாக்கம். டிக்கெட் கூட பெரும்பாலும் கிடையாது. தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனால் சாயங்காலம் வரை பார்க்கலாம். காலி நாற்காலிகளுக்கு நடுவே யாரோ ஒரு பையன் அறுபது ரன்னில் நின்றுகொண்டிருப்பான். அவன் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஸ்கோர்போர்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். நாளைக்கு அவன் இந்தியாவுக்கு ஆடலாம், ஆடாமலும் போகலாம். அந்த அறுபது ரன் அறுபது ரன்தான். அவன் பேட்டைத் தூக்கும்போது கை தட்ட நாலு பேராவது வேண்டும்.

முடிந்தால் பேரப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் தெருப் பையனை அடுத்த ஆட்டத்துக்கு நான் கூட்டிப் போவதாக அவன் அப்பாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். டியூஷன் இல்லாத நாளாக இருந்தால் சரி என்றிருக்கிறார்.